நனோ மருந்து உண்மைதான். ஆனால் அது பார்சலில் வருவதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். வீட்டில் யாராவது புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அவசியம் வாசியுங்கள்.

"நனோ மருந்து" என்ற சொல் கொஞ்ச நாளாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்று விதமாக வருகிறது. ஒன்று, ஒரு குரல் பதிவு. கட்டியை மட்டும் தேடிப்போய் அழிக்கிற மருந்து வெளிநாட்டில் வந்துவிட்டதாம், இங்குள்ள டொக்டர்மார் அதை மறைக்கிறார்களாம். இரண்டு, "நனோ தங்கம்", "நனோ மஞ்சள்" என்று லேபல் ஒட்டிய சொட்டு மருந்து விளம்பரம். காசு போட்டால் வீட்டுக்கே பார்சல் வரும். மூன்று, அந்த மருந்தை வாங்குவதற்கு உதவி கேட்டு வங்கிக் கணக்கு இலக்கத்தோடு வருகிற செய்தி.

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் மூன்று பேர். பிள்ளைகள் வகுப்பில் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்டடியில் மறித்துக் கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கேட்கிறார்கள். "சேர், இது உண்மையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை மூவரும் கூடியிருந்து இங்கே எழுதுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. யாருக்கு எந்த மருந்து என்று சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது, எது செய்யாது என்பதை விளங்கப்படுத்தலாம். அதில் பெரும்பகுதி நம் பிள்ளைகளின் உயர்தரப் பாடப் புத்தகத்தோடு தொடர்புடையதுதான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். நனோ மருந்து உண்மை. அது முப்பது வருடப் பழைய உண்மை. ஆனால் அது வைத்தியசாலையில், வைத்தியரின் கண்காணிப்பில் நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. சொட்டு மருந்துப் போத்தலில் வருவது அது இல்லை.

இனி விளக்கத்துக்கு வருவோம்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 80,000 நனோமீற்றர். குருதியில் ஓடுகிற செங்குழியம் 7,000 முதல் 8,000 நனோமீற்றர். நாம் பேசப்போகிற மருந்துத் துணிக்கை சுமார் 100 நனோமீற்றர். ஆக, "நனோ" என்பது ஓர் அளவின் பெயர். ஒரு மருந்தின் பெயர் இல்லை. குப்பி விளக்குக் கரியிலும் நனோ துணிக்கைகள் இருக்கின்றன. சின்னதாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் மருந்தாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருடைய கையில் நனோ ஏற்கெனவே ஏறிவிட்டது. கொரோனா காலத்தில் மூன்றாவது ஊசியாக நம் நாட்டில் போட்ட ஃபைசர் தடுப்பூசி, கொழுப்பினால் ஆன நனோ துணிக்கைக்குள் பொதிந்து வந்ததுதான். அது புற்றுநோய் மருந்து இல்லை. ஆனால் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து உடலுக்குள் அனுப்புகிற வழி மந்திரமும் இல்லை, மறைத்து வைத்த இரகசியமும் இல்லை என்பதற்கு அதுவே போதும்.

சரி, புற்றுநோய்க்கு ஏன் இப்படி ஒரு குமிழி தேவைப்பட்டது?

எங்களோடு படிப்பிக்கிற ஒரு சகோதரி ஆசிரியைக்கு மார்பகத்தில் கட்டி வந்தது. இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்றார். அவர் கிளினிக் போகிற நாட்களில் அவருடைய பாடவேளைகளை நாங்கள் பங்குபோட்டு எடுத்தோம். அவருக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். மயிர் கொட்டியது. வாய் புண்ணானது. சோறு இறங்கவில்லை. மருந்து ஏற்ற முதல் இதயத்தை "எக்கோ" எடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் ஆசிரியர் அறையில் எங்களிடம் கேட்டார்: "சேர், கட்டி ஒரு இடத்திலதானே கெடக்கு. மருந்த அந்த இடத்துக்கு மட்டும் அனுப்ப ஏலாதா? ஏன் முழு உடம்பையும் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

உலகத்திலுள்ள பெரிய பெரிய ஆய்வுகூடங்கள் அறுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அதுதான்.

அந்தச் சிவப்பு மருந்தின் பெயர் டொக்ஸோரூபிசின். இத்தாலியில் மண்ணில் வாழும் ஒரு வகை பக்டீரியாவிலிருந்து 1960களில் பிரித்தெடுத்தது. வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்களின் டி.என்.ஏ.யில் புகுந்து அவை பெருகுவதைத் தடுக்கும். புற்றுநோய்க் கலம் வேகமாகப் பெருகும், அதனால் அடி வாங்கும். ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், எலும்பு மச்சை ஆகியவற்றின் கலங்களும் வேகமாகப் பெருகுபவைதான். அவையும் அடி வாங்கும். இதைவிடப் பெரிய சிக்கல் இதயம். இந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பு ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் அந்த எல்லை வந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

இப்போது குமிழிக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்திலுள்ள பாபிரஹாம் என்ற இடத்தில், அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர் பொஸ்போலிப்பிட்டுகளை நீரில் கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கலமென்சவ்வு எதனால் ஆனதோ அதே பொருள்தான் பொஸ்போலிப்பிட்டு. ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். நீரில் போட்டால் அவை தாமாகவே வரிசையாகி, மூடிய சிறு குமிழிகளாகிவிடுகின்றன. உள்ளே நீர், வெளியே நீர், நடுவில் கொழுப்புச் சுவர். இதற்குத்தான் லிப்போசோம் என்று பெயர். உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கலமென்சவ்வுப் படத்தை எடுத்துப் பாருங்கள், அதைச் சுருட்டிப் பந்தாக்கினால் லிப்போசோம்.

குமிழிக்குள் மருந்தை வைத்து அனுப்பலாமே என்ற யோசனை 1970களில் வந்தது. சொல்லச் சுகம், செய்யக் கஷ்டம். முதல் தடை, நம் உடலே. குருதியில் அந்நியப் பொருள் வந்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கிற விழுங்கும் கலங்கள் பிடித்து விழுங்கிவிடும். குமிழிகள் கட்டிக்குப் போய்ச் சேர முதலே முடிந்துவிடும். இரண்டாவது தடை, குமிழிக்குள் போதுமான மருந்தை ஏற்ற முடியாமல் இருந்தது. ஏற்றினாலும் வழியில் ஒழுகியது.

ஜெருசலேமில் யெகெஸ்கேல் பாரன்ஹோல்ஸ், அல்பர்ட்டோ கபிசோன் என்ற இருவரும், அமெரிக்காவில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் இந்தத் தடைகளைத் தாண்ட வழி கண்டார்கள். குமிழியின் வெளிப்பக்கத்தில் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற பொருளால் ஒரு போர்வை போட்டார்கள். அந்தப் போர்வை நீரைச் சுற்றிப் பிடித்து வைத்திருப்பதால் விழுங்கும் கலங்கள் இலகுவில் அடையாளம் காண்பதில்லை. உள்ளே அமோனியம் சல்பேற்றை முதலில் வைத்து, பிறகு மருந்தை உள்ளே இழுத்துப் பளிங்காக்கினார்கள். பளிங்கானது ஒழுகாது. ஒரு குமிழிக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள். சாதாரணமாக ஏற்றினால் டொக்ஸோரூபிசினின் பெரும்பகுதி சில நிமிடங்களில் குருதியை விட்டு உடம்பெங்கும் பரவிவிடும். குமிழிக்குள் இருந்தால் நாட்கணக்கில் குருதியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சுற்றிக்கொண்டிருந்தால் போதுமா? கட்டிக்குள் எப்படிப் போகும்? இதற்குப் பதில் ஜப்பானில் இருந்து வந்தது. 1986இல் மட்சுமுரா, மயேதா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விடயத்தை எழுதினார்கள். கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் குருதிக் கலன்களும் அவசரத்தில் உருவாகின்றன. சுவரில் இடைவெளிகள் இருக்கும். நம் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இலகுவாகச் சொல்வதென்றால், நல்ல குருதிக் கலன் என்பது கண் நெருக்கமான வலை. கட்டியின் குருதிக் கலன் கிழிந்த வலை. மருந்து மூலக்கூறு தனியாகப் போனால் மிகச் சிறியது, இரண்டு வலையிலும் புகுந்து போகும். 100 நனோமீற்றர்க் குமிழி நல்ல வலையில் தடைப்படும், கிழிந்த வலையில் புகும். புகுந்தது அங்கேயே தங்கவும் செய்யும், ஏனென்றால் கட்டியில் வடிகால் ஒழுங்காக இல்லை.

இதுதான் "கட்டியைத் தேடிப்போகிற மருந்து" என்று குரல் பதிவில் சொல்வதன் உண்மையான கதை. அது தேடிப்போவதில்லை. உடம்பெல்லாம் சுற்றுகிறது. ஓட்டை இருக்கிற இடத்தில் விழுகிறது.

1995இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதை டொக்ஸில் என்ற பெயரில் அங்கீகரித்தது. முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வருகிற ஒரு வகைப் புற்றுநோய்க்கு. பிறகு 1999இல் சூலகப் புற்றுநோய்க்கு. 2011இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2012இல் இந்தியாவில் செய்த இதே வகை மருந்தை இறக்குமதி செய்ய அந்த நிர்வாகமே இடம் கொடுத்தது. முப்பது வருடத்துக்கு முன் அங்கீகரித்த, பக்கத்து நாட்டில் தயாராகிற, வைத்திய மாணவர்கள் புத்தகத்தில் படிக்கிற ஒரு மருந்தை நம் டொக்டர்மார் மறைக்கிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை. யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பழைய மருந்தே போதும் என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் இந்த மருந்து பழையதைவிட நன்றாகக் குணப்படுத்துமா?" இதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் கவனமாக வாசிக்க வேண்டும்.

2004இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. உடலின் வேறு இடங்களுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 509 பெண்கள். ஒரு பகுதியினருக்குச் சாதாரண டொக்ஸோரூபிசின், மறு பகுதியினருக்குக் குமிழிக்குள் வைத்த டொக்ஸோரூபிசின். நோய் கட்டுப்பட்டிருந்த காலம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. வாழ்ந்த காலமும் ஒன்று, சுமார் 21, 22 மாதங்கள். ஆனால் இதயப் பாதிப்பு குமிழி மருந்தில் மிகவும் குறைவு. மயிர் கொட்டியது சாதாரண மருந்தில் நூற்றுக்கு 66 பேருக்கு, குமிழி மருந்தில் நூற்றுக்கு 20 பேருக்கு. அதேநேரம் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரிகிற பிரச்சினை சாதாரண மருந்தில் நூற்றுக்கு 2 பேருக்குத்தான், குமிழி மருந்தில் 48 பேருக்கு.

இதை நிதானமாக யோசியுங்கள். நனோ மருந்து கூடுதலாகக் குணப்படுத்தவில்லை. குறைவாகக் காயப்படுத்தியது. அதுவும் ஓர் இடத்தில் குறைத்து இன்னோர் இடத்தில் கூட்டியது. இது சின்ன விடயம் இல்லை. இதயம் பலவீனமான ஒரு உம்மாவுக்கு, ஏற்கெனவே எல்லை வரை மருந்து எடுத்துவிட்ட ஒருவருக்கு, இது பெரிய வித்தியாசம். ஆனால் அற்புதம் இல்லை. அற்புதம் என்று சொல்கிறவர் ஒன்றில் விளங்காமல் சொல்கிறார், அல்லது எதையோ விற்கிறார்.

2005இல் வந்த அப்ராக்ஸேன் என்ற இன்னொரு நனோ மருந்தும் அப்படித்தான். பக்லிடக்ஸல் என்ற மருந்து நீரில் கரையாது. அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தைச் சேர்த்தார்கள். அந்தத் திரவம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக அல்புமின் என்ற நம் குருதியிலேயே உள்ள புரதத்தோடு மருந்தைச் சேர்த்து நனோ துணிக்கையாக்கினார்கள். அந்தத் திரவத்தின் தொல்லை இல்லாமல் போனது.

இனி "தங்கம்" பற்றி. விளம்பரக்காரர்கள் தங்கத்தைப் பிடித்துக்கொண்டதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த இரசாயன விஞ்ஞானி முஸ்தபா அல்-செய்யித் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் பெற்றவர். அவருடைய மனைவி மார்பகப் புற்றுநோயால் மரணித்தார். மகன் தலை, கழுத்துப் பகுதிகளில் சத்திரசிகிச்சை செய்கிற வைத்தியர். தகப்பனும் மகனும் சேர்ந்து 2005இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்க நனோ துணிக்கையின் மேல் ஒரு பிறபொருளெதிரியை ஒட்டினார்கள். அந்தப் பிறபொருளெதிரி, புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கிற ஒரு வாங்கியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சோதித்தது வாய்ப் புற்றுநோய்க் கலங்களில். தங்கம் நல்ல கலங்களைவிடப் புற்றுநோய்க் கலங்களில் பல மடங்கு ஒட்டியது. பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது தங்கம் சூடாகி, புற்றுநோய்க் கலங்கள் குறைந்த ஒளியிலேயே செத்தன.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய். அதனால் இந்த ஆய்வு நமக்கு நெருக்கமானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் செய்தது. அந்தத் தங்கத்துக்கு முகவரி ஒட்டியிருந்தது. லேசர் ஒளி தேவைப்பட்டது. நாக்கில் மூன்று சொட்டு விட்டதால் எதுவும் நடக்கவில்லை. ஒரு விஞ்ஞானியின் பல வருட உழைப்பில் இருந்து "தங்கம்", "நனோ", "புற்றுநோய்" என்ற மூன்று சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து லேபலில் ஒட்டியிருக்கிறார்கள்.

முகவரி ஒட்டுவதுதான் "இலக்கு நோக்கிய" மருந்து என்பது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கடிதத்தில் முகவரி எவ்வளவு சரியாக இருந்தாலும், தபால்காரர் அந்தத் தெருவுக்குப் போனால்தானே வீட்டைக் கண்டுபிடிப்பார். துணிக்கை முதலில் ஈரலையும் மண்ணீரலையும் தாண்ட வேண்டும். கட்டியின் குருதிக் கலனை விட்டு வெளியே வர வேண்டும். கட்டிக்குள் இருக்கிற அமுக்கத்தை எதிர்த்து உள்ளே போக வேண்டும். அதன் பிறகுதான் முகவரிக்கு வேலை.

கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் வொரன் சான் என்பவரின் குழு, அதற்கு முந்திய பத்து வருடத்தில் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2016இல் வெளியிட்டது. ஏற்றிய நனோ துணிக்கைகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? நடுப் பெறுமானம் 0.7 வீதம். ஆயிரத்தில் ஏழு. அதுவும் பெரும்பாலும் எலிகளில். அதே 2016இல், முகவரி ஒட்டிய பைண்ட்-014 என்ற நனோ மருந்தை நம்பியிருந்த அமெரிக்கக் கம்பனி வங்குரோத்து அறிவித்தது. எலியில் நன்றாக நடந்தது மனிதரில் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. எலியின் கட்டி சில வாரத்தில் வளர்கிறது, கலன்களில் ஓட்டை அதிகம். மனிதரின் கட்டி வருடக்கணக்கில் வளர்கிறது. ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளின் இரண்டு கட்டிகளே வேறு வேறு.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறோம் என்றால், எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாமல் சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளைகளுடைய உம்மா. மார்பகத்தில் கட்டி. மூன்று முறை மருந்து ஏற்றியாயிற்று. மயிர் கொட்டிவிட்டது, ஆள் மெலிந்துவிட்டார். அந்த நேரத்தில் ஓர் உறவுக்காரர் அந்த நனோ சொட்டு விளம்பரத்தை அனுப்பினார். "இது கட்டிக்கு மட்டும்தான் போகும், பக்க விளைவே இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்த்து எடுக்கக்கூடாது" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ஒரு சோடி காப்பை விற்று வாங்கினார்கள். நாலு மாதம் கிளினிக் போகவில்லை. மயிர் திரும்ப முளைத்தது. எல்லோரும் குணமாகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். மயிர் முளைத்தது மருந்தை நிறுத்தியதால். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது திரும்ப வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இந்த முறை பாதை முன்பைவிடக் கஷ்டமானது. துஆ செய்யுங்கள். யார் என்று தேட வேண்டாம்.

அந்த உம்மாவையோ குடும்பத்தையோ நாங்கள் குறை சொல்லவில்லை. வலியில் இருக்கிறவருக்கு "வலிக்காத மருந்து இருக்கிறது" என்று சொன்னால் யாரும் கையை நீட்டுவார்கள். குறை, அந்த வலியைக் காசாக்குகிறவரிடம் இருக்கிறது. அனுப்பப்பட்டதை வாசிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற பழக்கத்திலும் இருக்கிறது.

ஆகவே ஜமாஅத்தார் முன்னாலும், உதவி நிதி சேர்க்கிற இளைஞர்கள் முன்னாலும் நாலு கேள்விகளை வைக்கிறோம். "நனோ மருந்து" என்று உதவி கேட்டு வந்தால், காசு போட முதல் இதைக் கேளுங்கள்.

ஒன்று. நோயாளியைப் பார்க்கிற புற்றுநோய் வைத்தியர் இதை எழுதிக் கொடுத்தாரா? கிளினிக் கொப்பியில் இருக்கிறதா?

இரண்டு. உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் என்ன? "நனோ" என்பது பெயர் இல்லை என்று மேலே சொல்லிவிட்டோம். டொக்ஸோரூபிசின், பக்லிடக்ஸல் என்பதுபோல ஒரு மருந்தின் பெயர் இருக்க வேண்டும். பெயர் சொல்லாத மருந்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்று. எப்படி எடுக்க வேண்டும்? நாம் மேலே சொன்ன புற்றுநோய் நனோ மருந்துகள் நரம்பு வழியாக, வைத்தியசாலையில் ஏற்றுபவை. டொக்ஸில் ஏற்றத் தொடங்கும்போது சிலருக்கு மூச்சுத் திணறல் வரும், நெஞ்சு இறுகும். அதனால் மெதுவாக, பக்கத்தில் ஆள் இருந்துதான் ஏற்றுவார்கள். அந்தக் கொழுப்புக் குமிழியைக் குடித்தால் நம் வயிற்று அமிலமும் பித்தமும் அதைச் சமித்துவிடும். வீட்டில் குடிக்கச் சொன்னால் அது இந்த மருந்து இல்லை.

நாலு. நம் நாட்டின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு செய்ததா? 2015இல் வந்த சட்டத்தின் கீழ் மருந்துகளைப் பதிவு செய்கிற பொறுப்பு அவர்களுடையது. பதிவு இல்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இதற்கு மேல் ஒரு எச்சரிக்கை. "ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்து" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். சத்துணவு, கஷாயம், மஞ்சள் என்று எதையாவது எடுக்க ஆசைப்பட்டால் டொக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும். ஏசுவார் என்று பயந்து மறைக்காதீர்கள்.

உதவி செய்ய விரும்புகிறவர்களுக்கு வழி நிறைய இருக்கிறது. நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். ஆனால் மட்டக்களப்புக்கோ மஹரகமவுக்கோ போய்வருகிற செலவு இலவசம் இல்லை. விடியப் புறப்பட்டுப் போகிற வேன் காசு, கூடப் போகிறவர் தங்குகிற செலவு, அவர் இழக்கிற நாட்கூலி, வெளியே எடுக்கச் சொல்கிற ஒரு பரிசோதனை, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் சாப்பாடு. கிளினிக்கைத் தவறவிடுகிற குடும்பங்களில் பலர் மருந்துக்குப் பயந்து தவறவிடுவதில்லை. வேனுக்குக் காசில்லாமல் தவறவிடுகிறார்கள். ஒரு போத்தல் சொட்டு மருந்துக் காசு ஒரு நோயாளியைப் பல தடவை கிளினிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும். எங்கள் சகோதரி ஆசிரியை ஒரு தடவையும் தவறாமல் போய் முடித்ததற்கு அவருடைய மச்சான் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனதும் ஒரு காரணம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டுபிடிப்பது எந்த நனோ மருந்தும் இதுவரை கொடுக்காத பலனைக் கொடுக்கும். எம்.ஓ.எச். அலுவலகங்களில் பெண்களுக்கென்று கிளினிக் நடக்கிறது. மார்பகத்தையும் பார்ப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துக்கும் பரிசோதனை செய்வார்கள். எந்தக் கிழமை என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள். வெட்கம் வேண்டாம். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். காட்டக் காசும் இல்லை, வலியும் இல்லை.

கடைசியாக எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கு. இந்தப் பதிவை வாசித்து நனோ மருந்தில் ஒன்றுமில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். 2008இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவனம் நம் நாட்டிலேயே ஹோமாகமவில் இருக்கிறது. பொஸ்போலிப்பிட்டின் இரண்டு முனைகளை நீங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறீர்கள். அதே இரண்டு முனைகளை வைத்துத்தான் ஒருவர் இதயத்தைக் காப்பாற்றுகிற மருந்து செய்தார். ஆயிரத்தில் ஏழுதான் போய்ச் சேருகிறது என்றால், மிச்சம் 993ஐ எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. அதைச் செய்யப்போகிறவர் நம் ஊர் வகுப்பறையில் இருக்கமாட்டார் என்று யார் சொன்னது?

வாசித்தவர்கள் இதை உங்கள் குடும்பக் குழுமத்தில் பகிருங்கள். அந்தச் சொட்டு மருந்து விளம்பரம் உங்கள் குழுமத்துக்கு வந்தால், அனுப்பியவரை ஏசாமல், மேலே உள்ள நாலு கேள்வியையும் அதன் கீழே போடுங்கள். கிளினிக் போகப் போக்குவரத்து வசதி இல்லாத நோயாளி உங்கள் தெருவில் இருந்தால், பெயரைப் பொதுவில் போடாமல் எங்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். வருகிற மாதத்துக்கு ஒரு வேன் ஒழுங்கு செய்து தருவதாக ஒரு சகோதரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

நோயாளிகள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.